உற்பத்தித் தொழில் தொடங்கிய நிறுவனத்தில் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்டின் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருச்சி, கும்பகோணம் வட்டாரங்களில் புதிதாக உற்பத்தித் தொழில் தொடங்கியவர்களும், அவர்களிடம் பணிபுரியும் பொறியாளர்களும் கணக்கர்களும், படிப்பை முடிக்கும் நிலையிலுள்ள மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட நடையிலேயே விட்டிருக்கிறேன். எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில், நெல் உலர்த்தும் இயந்திரம் செய்யும், நாற்பது பேர் வேலை பார்க்கும் ஒரு தொழிற்கூடத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். குறுவை அறுவடை மழையில் மாட்டிக்கொள்ளும் ஊர்களில் அத்தகைய இயந்திரத்தின் தேவையை விளக்கவேண்டியதில்லை.

எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் என்று ஒருவர் தொழிற்சாலையில் என்ன வேலை பார்ப்பார்?

ஆர்டர் வந்த நாள் முதல் இயந்திரம் லாரியில் ஏறிப் பணம் வந்து சேரும் நாள் வரை வேலை பல கைகள் மாறுகிறது. விற்பனையாளர், வடிவமைப்பாளர், பர்ச்சேஸ் பார்ப்பவர், ஸ்டோர் பொறுப்பாளர், வெல்டர், தரம் பார்ப்பவர், கணக்கர் என அனைவரும் ஒரே இயந்திரத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் வேறு நோட்டில், வேறு பெயரில், வேறு அலகில் எழுதுகிறார்கள். இந்தப் பதிவுகள் ஒன்றோடொன்று பொருந்தும்படி, வேலை ஓடும் முறை, தரவு, மென்பொருள், கணினி மற்றும் நெட்வொர்க் வசதி ஆகிய நான்கையும் ஒரே அமைப்பாகத் திட்டமிடுபவரே எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட். இனி ஆர்க்கிடெக்ட் என்று சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன்.

அவருடைய முதன்மையான கடமை, பின்னாளில் மாற்றுவதற்குக் கடினமான முடிவுகள் எவை என்று கண்டு, அவற்றைத் தொடக்கத்திலேயே நிதானமாக எடுக்க வைப்பது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரியும் இடத்தை யாரும் ஆண்டுதோறும் மாற்றுவதில்லை. வயலுக்குப் பாயும் மடையை மட்டும் அன்றாடம் வெட்டுகிறோம், அடைக்கிறோம். நிறுவனத்திலும் சில முடிவுகள் அணையைப் போன்றவை, மற்றவை மடையைப் போன்றவை. எந்த மென்பொருளில் பில் போடுவது என்பது மடை. ஒரு பாகத்துக்கு எந்த எண்ணைக் கொடுப்பது, விற்ற இயந்திரத்தை எதைக் கொண்டு அடையாளம் காண்பது என்பவை அணை.

சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட், ஐ.டி. மேனேஜர், இவர் எல்லாரும் ஒரே ஆள்தானே?

இல்லை. சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட் ஒரு மென்பொருளின் உள்ளமைப்பைத் தீர்மானிப்பவர். ஐ.டி. மேனேஜர், இருக்கும் கணினிகளும் நெட்வொர்க்கும் தடையின்றி ஓடப் பொறுப்பேற்பவர். ஆர்க்கிடெக்ட் இவ்விருவருக்கும் முன்னதாக, அந்த மென்பொருள் தேவையா, அது எந்தத் தகவலுக்குச் சொந்தக்காரனாக இருக்கும், எந்தத் தகவலை வேறிடத்திலிருந்து வாங்கிக்கொள்ளும் என்ற கேள்விகளுக்கு விடை காண்பவர். சிறிய நிறுவனத்தில் மூன்று பொறுப்புகளும் ஒருவர் தலையில் விழலாம். அப்போதும் எந்த வேளையில் எந்தப் பொறுப்பில் பேசுகிறோம் என்ற தெளிவு அவருக்கு வேண்டும்.

மொத்தமே நாற்பது பேர்தான். எங்களுக்கு எதற்கு இப்படி ஒருவர்?

முழுநேர ஊழியராகத் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. ஆனால் அந்த வேலை தேவை. நாற்பது பேர் இருக்கும்போது எடுக்கப்படும் முடிவுகளின்மேல்தான் இருநூறு பேர் இருக்கும்போது நிறுவனம் நிற்கிறது. அந்த நாற்பது பேர் காலத்தில் யாரும் யோசிக்காமல் விட்டதைப் பின்னர் திருத்த, உற்பத்தியை நிறுத்திவைத்துக் கணக்கெடுக்க வேண்டியிருக்கும்.

பெரும்பாலான தொழிற்கூடங்களில் இந்த வேலையை நிறுவனரே தெரியாமலே செய்துகொண்டிருக்கிறார். அவர் அதைத் தெரிந்து, வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நேரம் ஒதுக்கிச் செய்தாலே பாதிக் குறை தீரும். அவரால் இயலாவிட்டால், உற்பத்தி, கணக்கு, மென்பொருள் மூன்றையும் ஓரளவு அறிந்த ஒரு மூத்த பொறியாளரிடம் ஒப்படைக்கலாம். அல்லது மாதத்தில் சில நாட்கள் வந்து பார்க்கும் ஆலோசகரை அமர்த்தலாம். ஆலோசகரை அமர்த்தினாலும் உள்ளே ஒருவர் அவருக்கு இணையாக அமர்ந்து கற்றுக்கொள்ளவேண்டும் என்பதை நான் வலியுறுத்துவேன்.

டேலி இருக்கிறது, எக்செல் இருக்கிறது, வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. இதில் என்ன குறை?

அவை ஒவ்வொன்றும் தன் வேலையை நன்றாகவே செய்கின்றன. டேலியில் கணக்கு பிசகாது. எக்செலில் கூட்டல் தவறாது. வாட்ஸ்அப்பில் தகவல் நொடியில் போய்ச் சேரும். குறை அவற்றுக்கு நடுவில் இருக்கிறது. ஸ்டோரில் ‘பெரிய ஃபேன்’ என்றும், பர்ச்சேஸ் ஆர்டரில் விற்பவரின் மாடல் எண்ணாகவும், டேலியில் ‘புளோயர் அசெம்ப்ளி’ என்றும், வரைபடத்தில் ஒரு டிராயிங் எண்ணாகவும் ஒரே பொருள் நான்கு பெயர்களில் வாழும்போது, கையிருப்பு எத்தனை என்ற எளிய கேள்விக்கு எவராலும் உறுதியாக விடை சொல்ல முடியாது. இருப்பதையே மறுபடி வாங்குகிறோம்; இல்லாததை இருப்பதாக நம்பி ஆர்டருக்குத் தேதி கொடுக்கிறோம்.

வாட்ஸ்அப் பற்றித் தனியாக ஒன்று சொல்லவேண்டும். ‘இந்த ஆர்டருக்கு மட்டும் மோட்டாரை மாற்றிப் போடு’ என்ற செய்தி குரூப்பில் வருகிறது, வேலையும் நடக்கிறது. இரண்டு பருவம் கழித்து அந்த இயந்திரம் பழுதானால், உள்ளே இருப்பது எந்த மோட்டார் என்பது எந்தப் பதிவிலும் இருக்காது. செய்தியை அனுப்ப வாட்ஸ்அப் போதும். முடிவைப் பதிந்துவைக்க அது போதாது.

ஆர்க்கிடெக்ட் வந்தால் முதலில் என்ன செய்வார்? ஒரு மென்பொருள் வாங்கச் சொல்வாரா?

வந்த உடனே வாங்கச் சொல்பவரை நம்பாதீர்கள். முதல் சில வாரங்கள் அவர் ஒரு ஆர்டரின் பின்னாலேயே நடக்கவேண்டும்: விசாரிப்பு வந்த தொலைபேசி அழைப்பிலிருந்து, கொட்டேஷன், முன்பணம், வரைபடம், தகடு வெட்டுதல், வெல்டிங், பெயிண்ட், அசெம்ப்ளி, சோதனை ஓட்டம், பில், லாரி, வாடிக்கையாளரின் களத்தில் நிறுவுதல் வரை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் என்ன எழுதுகிறார், எதில் எழுதுகிறார், எதைப் பார்த்து எழுதுகிறார் என்று குறித்துக்கொள்ளவேண்டும். வெல்டரின் சட்டைப்பையில் இருக்கும் அளவுக் குறிப்பையும் ஸ்டோர் சுவரில் சாக்கட்டியால் எழுதிய எண்ணையும் இந்தப் பட்டியலில் சேர்க்கவேண்டும், ஏனெனில் பல இடங்களில் உண்மையான தகவல் அங்கேதான் இருக்கிறது.

அதன் பிறகு அவர் தரவேண்டியது இரண்டே தாள்கள். ஒன்று, இன்று வேலை எப்படி ஓடுகிறது என்ற படம். மற்றொன்று, ஐட்டம், வாடிக்கையாளர், விற்பவர், ஆர்டர், விற்ற இயந்திரம் ஆகிய ஒவ்வொரு தகவலுக்கும் எது மூலப்பதிவு, அதைத் திருத்தும் உரிமை யாருக்கு என்ற அட்டவணை. இந்த இரண்டாம் தாளில் நிறுவனர், கணக்கர், உற்பத்திப் பொறுப்பாளர் மூவரும் கையெழுத்திட்ட பின்னரே மென்பொருள் பேச்சு தொடங்கவேண்டும்.

ஐட்டம் கோடுக்கு ஏன் இவ்வளவு பெரிய பேச்சு? ஏதோ ஒரு நம்பர் போட்டால் போதாதா?

ஏதோ ஒரு நம்பர் போட்டால் போதும் என்பதே பெரும்பாலும் சரியான விடை. பலரும் எண்ணுக்குள்ளேயே எல்லாவற்றையும் திணிக்கப் பார்க்கிறார்கள்: முதல் இரண்டெழுத்து பொருளின் வகை, அடுத்தது உலோகம், அடுத்தது தடிமன், கடைசியில் விற்பவரின் பெயர்ச்சுருக்கம். விற்பவர் மாறியதும் எண் பொய்யாகிவிடும். மைல்டு ஸ்டீலுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டதும் எண் பொய்யாகிவிடும். பொருளின் தன்மைகளைத் தனித்தனிப் பத்திகளில் எழுதி, எண்ணைப் பொருளற்ற வரிசை எண்ணாக வைப்பதே நீடிக்கும். மூத்த தொழிலாளர்கள் எண்ணைப் பார்த்தே பொருளைச் சொல்ல விரும்புவார்கள் என்பதால், முன்னால் ஒரே ஒரு வகை எழுத்தை அனுமதிக்கலாம். அதற்குமேல் வேண்டாம்.

எண்ணோடு சேர்த்துத் தொடக்கத்திலேயே உறுதி செய்யவேண்டியவை சில உள்ளன. முதலாவது அலகு: தகட்டைக் கிலோவில் வாங்கி, எண்ணிக்கையில் வழங்கி, சதுர அடியில் கணக்கிட்டால், மாற்றும் விகிதம் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கவேண்டும். இரண்டாவது, வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ்.என். குறியீடு: ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள், ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர்களுக்கு விற்கும்போது நான்கு இலக்கமும், அதற்கு மேற்பட்டவர்கள் ஆறு இலக்கமும் பில்லில் காட்டவேண்டும். உலர்த்தும் இயந்திரம் 8419 தலைப்பில் வருகிறது. அரிசி ஆலை இயந்திரம் 8437 தலைப்பில் வருகிறது. இரண்டையும் செய்பவர் பில் போடும் வேளையில் யோசித்து இதைப் போடக் கூடாது. ஐட்டம் பதிவிலேயே அது இருக்கவேண்டும். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால், பில்லை அரசுத் தளத்தில் பதியும் இ-இன்வாய்ஸும் கட்டாயமாகிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்த வரம்பு நடைமுறையில் உள்ளது. வளரும் நிறுவனம் ஒரு நாள் இதைத் தாண்டும் என்று எதிர்பார்த்தே பதிவை அமைக்கவேண்டும்.

நாங்கள் டிசைனை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். பி.ஓ.எம். போட்டுப் பூட்டினால் கை கட்டிப் போகாதா?

ஒரு இயந்திரத்தில் என்னென்ன பாகங்கள், எத்தனை என்ற பட்டியலே பி.ஓ.எம். தொடக்க நிறுவனத்தில் டிசைன் மாறத்தான் வேண்டும்; மாறாவிட்டால் அது கற்றுக்கொள்ளவில்லை என்று பொருள். ஆகவே பட்டியலைப் பூட்டவேண்டியதில்லை, மாற்றத்தை எண்ணவேண்டும். முதல் வடிவம், இரண்டாம் வடிவம் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரிசை எண், எந்தத் தேதியிலிருந்து, எந்த இயந்திர எண்ணிலிருந்து என்ற குறிப்பு, மாற்றியதற்கான ஒரு வரிக் காரணம் ஆகியவை இருந்தால் கை கட்டப்படாது.

பழைய பாகத்துக்குப் பதிலாகப் புதிய பாகத்தைப் போட முடியுமானால் எண்ணை அப்படியே வைத்து வடிவ எண்ணை மட்டும் உயர்த்தலாம். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று பொருந்தாது என்றால் புதிய ஐட்டம் எண் கொடுத்தே ஆகவேண்டும். இந்த ஒரு விதியைத் தொழிற்கூடத்தில் பெரிதாக எழுதி மாட்டிவைக்கலாம். இதைக் கடைப்பிடிக்காததால்தான், ஸ்பேர் பார்ட்டைத் தூக்கிக்கொண்டு திருத்துறைப்பூண்டி வரை போய், அது அந்த இயந்திரத்தில் சேராமல் திரும்பி வருகிறார்கள்.

வேலையில் பாதியைத் துவாக்குடியில் ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கிறோம். அதுவும் ஆர்க்கிடெக்ட் பார்க்கவேண்டியதா?

கட்டாயம் பார்க்கவேண்டும். நம் பொருளைக் கொடுத்து வெளிக்கூடத்தில் வேலை செய்து வாங்குவதே ஜாப் ஒர்க். துவாக்குடி தொழிற்பேட்டையின் ஃபேப்ரிகேஷன் கூடங்கள் பெல் நிறுவனத்தின் கொதிகலன் வேலைகளைச் செய்து பழகியவை. அந்தத் திறமை அருகிலிருப்பது இவ்வட்டாரத் தொழில்முனைவோருக்குப் பெரும் பலம். ஆனால் உங்கள் தகடு அங்கே போனதும், அது உங்கள் ஸ்டோரிலும் இல்லை, விற்கப்படவும் இல்லை. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி, வரி கட்டாமல் டெலிவரி சலானில் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பவேண்டும் அல்லது அங்கிருந்தே விற்கப்படவேண்டும். இயந்திரத் தளவாடங்களுக்கு இந்தக் காலம் மூன்றாண்டு. திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்பட்டு வரி வரும்.

எனவே ஜாப் ஒர்க்கரின் கூடத்தையும் உங்கள் ஸ்டோரின் ஓர் இடமாகவே பதிவில் வைத்து, போனது, வந்தது, வெட்டுத்துண்டாகக் கழிந்தது, இன்னும் அங்கே கிடப்பது ஆகிய நான்கையும் சலான் வாரியாகக் காணும்படி அமைக்கவேண்டும். கணக்கர் இதை வரிக்காகக் கேட்பார். உற்பத்திப் பொறுப்பாளர் தேதி கொடுப்பதற்காகக் கேட்பார். இருவரும் ஒரே பதிவைப் பார்க்கும்படி செய்வதில்தான் ஆர்க்கிடெக்டின் வேலை இருக்கிறது.

எப்போது இ.ஆர்.பி. வாங்கலாம்? எதை வாங்கலாம்?

ஸ்டோர், பர்ச்சேஸ், உற்பத்தி, கணக்கு ஆகியவற்றை ஒரே தரவில் இணைக்கும் மென்பொருளே இ.ஆர்.பி. முன்னே சொன்ன மூலப்பதிவு அட்டவணையும் ஐட்டம் பட்டியலும் இல்லாமல் எந்த இ.ஆர்.பி.யும் பயன் தராது. குழப்பம் எக்செலிலிருந்து இ.ஆர்.பி.க்கு இடம் மாறும், அவ்வளவே. அவை தயாரான பின், ஸ்டோர் இருப்பும் எக்செல் இருப்பும் மாதந்தோறும் ஒத்துப்போகாமல் போவது, ஒரே தகவலை மூன்று இடங்களில் அடிக்க ஒருவரை நியமிக்கும் நிலை வருவது ஆகியவை தென்பட்டால் காலம் வந்துவிட்டது எனலாம்.

எதை வாங்குவது என்பதில் எனக்கு உறுதியான ஒரு விருப்பம் உண்டு. உங்கள் ஆடிட்டருக்கும் கணக்கருக்கும் டேலி பழக்கம் என்றால், கணக்கை அங்கேயே விட்டுவிட்டு, ஸ்டோர், பர்ச்சேஸ், உற்பத்தி ஆகியவற்றை மட்டும் வேறு அமைப்புக்குக் கொண்டுபோங்கள். மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே உருவாக்கிய இ.ஆர்.பி.நெக்ஸ்ட், திறமூல மென்பொருளாகவே கிடைக்கிறது. ஓடூ என்ற மற்றொரு இ.ஆர்.பி.க்கும் இலவசப் பதிப்பு உண்டு. எதை எடுத்தாலும், உள்ளே போட்ட தரவு முழுவதையும் நாளைக்கே வெளியே எடுக்க முடியுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவான நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்துவைக்கும் எடிட் லாக் வசதியோடு, அதை அணைக்க முடியாதபடி இருக்கவேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது, இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசி, ஐப்பசியில் மட்டும் மாறாதீர்கள். அதுதான் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் சேரும் காலம். சர்வீஸ் அழைப்புகள் குவியும். அந்த நேரத்தில் புதிய திரையைப் பழக எவருக்கும் பொறுமை இருக்காது. சம்பா அறுவடை ஓய்ந்து, புதிய கணக்காண்டு தொடங்கும் ஏப்ரல் மாதம் டெல்டாவின் தொழிலுக்கு இயல்பாகவே பொருந்துகிறது.

மெஷினிலிருந்து நேரடியாக டேட்டா எடுக்கவேண்டுமா? எல்லாரும் ஐ.ஓ.டி. என்கிறார்களே?

இயந்திரங்களில் சென்சார் வைத்து, அவற்றின் தரவை நெட்வொர்க் வழியாகத் திரட்டுவதே ஐ.ஓ.டி. எந்தக் கேள்விக்கு விடை தேடி எடுக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். உற்பத்தித் துறையில் ஐ.எஸ்.ஏ.-95 என்ற தரநிலை, வேலையை அடுக்குகளாகப் பிரிக்கிறது: அடியில் நிகழும் செயல், அதன்மேல் சென்சாரும் மோட்டாரும், அதன்மேல் பி.எல்.சி. (இயந்திரத்தை இயக்கும் சிறு கணினி) போன்ற கட்டுப்பாடு, மூன்றாம் அடுக்கில் அன்றாட உற்பத்தி மேலாண்மை, நான்காம் அடுக்கில் ஆர்டர், கொள்முதல், கணக்கு. தொடக்க நிறுவனங்களில் மூன்றாம் அடுக்கு பெரும்பாலும் ஒரு சூப்பர்வைசரின் நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டை ஒழுங்குபடுத்தாமல் அடியிலிருந்து நொடிக்கொரு வெப்பநிலையை மேலே அனுப்பினால், பார்க்க ஆளில்லாத எண்கள் குவியும்.

உண்மையில் தேவை என்றால் வழி எளிது. இயந்திரங்கள் தரவைப் பரிமாறிக்கொள்ள 1979இல் வந்த மோட்பஸ் நெறிமுறை இன்றும் மலிவான மீட்டர்களிலும் கன்ட்ரோலர்களிலும் இருக்கிறது. பலவகை இயந்திரங்களைப் பொதுமொழியில் பேசவைக்க ஓ.பி.சி. யு.ஏ. உதவுகிறது, பலமில்லாத இணைப்பில் சிறு செய்திகளை அனுப்ப எம்.கியூ.டி.டி. ஏற்றது, ஏனெனில் அது 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது. வாங்கும் ஒவ்வொரு கன்ட்ரோலரும் இவற்றில் ஒன்றையாவது பேசவேண்டும் என்பதைக் கொள்முதல் நிபந்தனையாக இன்றே எழுதிவையுங்கள். தரவு எடுப்பதைப் பிறகு முடிவு செய்யலாம்.

எல்லாவற்றையும் கிளவுடில் வைத்துவிட்டால், நெட் போனால் வேலை நின்றுவிடாதா?

நிற்கக் கூடாதவை எவை என்று பிரித்துக்கொண்டால் நிற்காது. கணக்கும் விற்பனையும் ஓரிரு நாள் தாமதித்தால் நட்டம் பெரிதல்ல. ஸ்டோரிலிருந்து பொருள் வழங்குவதும், இயந்திரத்தைச் சோதித்துச் சான்று எழுதுவதும் அப்படி இல்லை. அவற்றுக்குத் தொழிற்கூடத்துக்குள்ளேயே இயங்கும் ஒரு சிறு கணினியும் அதுவும் போனால் அச்சிட்ட படிவமும் வேண்டும். படிவத்தின் கட்டங்கள் திரையில் உள்ள வரிசையிலேயே இருந்தால் பின்னர் ஏற்றுவது எளிது.

டெல்டாவில் இது வெறும் கற்பனையான அச்சம் அல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபின், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அன்றாட மின்வெட்டுக்கு யு.பி.எஸ்.; இரண்டு நாளுக்கு ஜெனரேட்டர்; அதற்குமேல் என்றால் வேறு ஊரில் உள்ள தரவுப் பிரதியும், அதை எடுத்து ஓட்டிப் பார்த்த அனுபவமும்தான் காப்பாற்றும். பேக்கப் எடுக்கிறோம் என்பவர்களிடம், கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

ஆபீஸில் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட். சின்ன இடம்தானே, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் தனி லாகின் இருந்தால்தான் முன்னே சொன்ன எடிட் லாக்குக்குப் பொருளுண்டு. இணையத் தாக்குதல் நிகழ்ந்தால், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்கவேண்டும். யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவேண்டும்.

நாங்கள் விற்ற டிரையர்களிலிருந்து ஈரப்பத அளவு எங்களுக்கு வருகிறது. அந்த டேட்டா யாருடையது?

நேரடி நெல் கொள்முதலில் ஈரப்பதத்தின் பொது வரம்பு 17 சதவீதம். சில பருவங்களில் மத்திய அரசு தளர்வு அளிக்கிறது. அரவைக்கும் சேமிப்புக்கும் சுமார் 14 சதவீதம் வரை உலர்த்துகிறார்கள். ஆகவே உங்கள் இயந்திரம் அனுப்பும் ஒரு எண், விவசாயி எவ்வளவு ஈரத்தோடு விற்றார், ஆலைக்காரர் எத்தனை மூட்டை வாங்கினார் என்பதை வெளிப்படுத்தும் வல்லமை கொண்டது. அது விலையைப் பற்றிய தகவல். அதை வெறும் பொறியியல் அளவாக எண்ணக் கூடாது.

இயந்திரத்தின் உடல்நிலையைச் சொல்லும் தரவையும், அதாவது மோட்டார் மின்னோட்டம், அடுப்பின் வெப்பம், ஓடிய மணி ஆகியவற்றையும், நெல்லைப் பற்றிய தரவையும் முதலிலேயே வெவ்வேறு இடங்களில் சேமியுங்கள். முன்னது உங்கள் சர்வீஸுக்குத் தேவை. பின்னது வாங்கியவருடையது என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே தமிழில் எழுதி, அவர் அனுமதித்தால் மட்டும் பயன்படுத்துங்கள். அதோடு விவசாயியின் பெயரும் தொலைபேசி எண்ணும் சேர்ந்தால், 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். எனவே பெயரைக் கேட்காமலே சேவை தர முடியுமா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் முடியும். ஒருமுறை கலந்துவிட்ட தரவைப் பிரிப்பது மிகக் கடினம் என்பதால், இது முதல் விடையில் சொன்ன அணை வகை முடிவு.

ஸ்டோரை எங்கள் மாமா பார்க்கிறார். எல்லாம் அவர் மனதில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

அவரை ஒதுக்கிவிட்டு ஓர் அமைப்பை உருவாக்கினால் அது தோற்கும், தோற்கவும் வேண்டும். எந்த போல்ட்டுக்குப் பதில் எதைப் போடலாம், எந்த விற்பவரின் தகடு துருப்பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த அறிவைத்தான் அமைப்பு தாங்கவேண்டும். ஐட்டம் பட்டியலை அவர் முன்னிலையில், அவர் சொல்லச் சொல்ல இளையவர் ஒருவர் எழுதவேண்டும். அவர் வழங்கும் பெயர் ஒரு தனிப் பத்தியில் அப்படியே இருக்கட்டும். தேடினால் அந்தப் பெயரிலும் கிடைக்கட்டும். திரையைத் தொடவேண்டிய கட்டாயம் அவருக்கு வேண்டாம். ‘மாமா, நீங்கள் ஊருக்குப் போகிற நாளில் கூடத்தைத் திறந்து வைக்க வழி வேண்டும்’ என்று மரியாதையோடு சொன்னால், மறுக்கும் பெரியவர்கள் குறைவு.

ஸ்டோரும் பர்ச்சேஸும் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். மென்பொருள் போட்டால் சரியாகுமா?

ஆகாது. ஒரு நிறுவனத்தில் மனிதர்கள் பேசிக்கொள்ளும் முறை எப்படியோ, அவர்கள் உருவாக்கும் அமைப்பும் அதே வடிவில்தான் அமையும் என்று மெல்வின் கான்வே என்ற கணினி அறிஞர் 1968இல் எழுதினார். பேசாத இரு பிரிவுகளுக்கு நடுவே மென்பொருள் வைத்தால், அதிலும் இரண்டு இருப்புக் கணக்குகள் தோன்றிவிடும். வாரம் ஒருமுறை இருவரும் ஒரே பட்டியலைப் பார்த்துப் பற்றாக்குறையைப் பேசும் அரைமணி நேரக் கூட்டத்தை நிறுவனர் முன்னின்று நடத்தவேண்டும். அந்தக் கூட்டம் நிலைத்த பின்னர் அதற்கு ஏற்ற திரையைச் செய்யலாம்.

எல்லா முடிவும் எம்.டி. எடுக்கிறார். அப்படியென்றால் ஆர்க்கிடெக்டுக்கு என்ன அதிகாரம்?

தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை அவருக்குத் தரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்; சிறிய நிறுவனத்தில் அது வேலையை முடக்கும். ஆனால் இரண்டு உரிமைகள் அவருக்கு வேண்டும். புதிய மென்பொருளோ கன்ட்ரோலரோ வாங்கும் ஒவ்வொரு முடிவுக்கும் முன் அவருடைய கருத்து எழுத்தில் கேட்கப்படவேண்டும். அவர் கருத்துக்கு மாறாக முடிவெடுத்தால், அதன் காரணமும் எழுத்தில் பதியப்படவேண்டும். வாடிக்கையாளர் அவசரம் காரணமாக எம்.டி. வேறு முடிவெடுப்பது முற்றிலும் நியாயமாக இருக்கலாம். பதிவு இருந்தால், அவசரம் தீர்ந்த பின் அந்த முடிவுக்குத் திரும்பி வந்து சரிசெய்ய முடியும்.

டோகாஃப், ஜாக்மன் எல்லாம் படித்தால்தான் இந்த வேலைக்கு வர முடியுமா?

படிப்பது நல்லது, அதற்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. ஜான் ஜாக்மன் 1987இல் ஐ.பி.எம். ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, ஒரு நிறுவனத்தை எத்தனை கோணங்களில் விவரிக்கவேண்டும் என்று காட்டியது. 1995இல் முதற்பதிப்பு வந்த, தி ஓப்பன் குரூப் அமைப்பின் டோகாஃப், மாற்றத்தைப் படிப்படியாகத் திட்டமிடும் முறையைத் தருகிறது. இவை பெரும் நிறுவனங்களுக்காக எழுந்தவை. நாற்பது பேர் உள்ள கூடத்தில் அத்தனை ஆவணங்களையும் எழுதத் தொடங்கினால், எழுதி முடிக்கும் முன் நிறுவனம் வேறாகியிருக்கும்.

மாணவர்களுக்கு என் பரிந்துரை வேறு. ஆறு மாதம் ஒரு தொழிற்கூடத்தில் ஸ்டோரிலும் பர்ச்சேஸிலும் வேலை பாருங்கள். ஒரு மாதக் கணக்கை முடிக்கும்போது கணக்கர் அருகே அமருங்கள். தரவைத் தேடி எடுக்கும் மொழியான எஸ்.கியூ.எல். கற்றுக்கொண்டு, உண்மையான இருப்புப் பட்டியல் ஒன்றில் ஒரே பொருள் எத்தனை பெயர்களில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். பிறகு டோகாஃப் படித்தால், அதில் எது உங்களுக்குப் பயன்படும் என்று நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

அவர் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? படம் படமாக வரைந்து காட்டுகிறார்.

படத்தை மடித்து வைத்துவிட்டு, ஒரு நாள் முன்னறிவிப்பின்றி ஒரு கேள்வி கேளுங்கள். ‘இந்த விற்பவரிடம் ஆவணியில் வாங்கிய பேரிங்கில் குறை இருக்கிறது, அவை எந்தெந்த இயந்திரங்களுக்குள் போயின, அந்த இயந்திரங்கள் இன்று எந்தெந்த ஊரில் இருக்கின்றன?’ பேரிங்கின் பேட்ச் எண், ஸ்டோரிலிருந்து வழங்கிய சீட்டு, இயந்திரத்தின் சீரியல் எண், வாடிக்கையாளர் முகவரி ஆகிய நான்கும் கோத்திருந்தால், அன்று மாலைக்குள் பட்டியல் உங்கள் மேசைக்கு வரும். வராவிட்டால் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்பதாவது தெரியவரும். அடுத்த மாத வேலை அதுவே.

பாதியில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டால்?

அவருடைய முடிவுகள் அவர் தலையில் மட்டும் இருந்தால், மாமாவின் ஸ்டோருக்கு நேர்ந்த நிலைதான் இங்கும். அதனால் அணை வகை முடிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே கேளுங்கள்: அப்போதிருந்த நிலைமை, எடுத்த முடிவு, கைவிட்ட மாற்று வழிகள், அதனால் ஏற்கும் இடர். மென்பொருள் துறையில் மைக்கேல் நைகார்ட் 2011இல் பரிந்துரைத்த இந்த முறை தொழிற்கூடத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. தமிழில் எழுதினால் போதும். உற்பத்திப் பொறுப்பாளரும் கணக்கரும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியவர்கள் என்பதால், தமிழில் எழுதுவதே நல்லது. எம்.டி.யின் கணக்கிலேயே அந்தக் கோப்புறை இருக்கட்டும், பாஸ்வேர்டுகளும் விற்பவர் ஒப்பந்தங்களும் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும், புதிதாக வருபவர் முதல் வாரத்தில் அந்தக் குறிப்புகளைத் தேதி வரிசையில் படிக்கட்டும்.